எர்ஜான் கணக்கில் ஓடிய தண்ணீர்

கரபுனார்,
பல்கேரியா
9 அக்டோபர் 1994

என் அன்பு குல்சூம் அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் புர்சாவில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் பஸ்காரர் ரிஃபாத் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் எல்லை தாண்டி உன் கைக்கு வருவதற்குள் என் மகள் செவில் கல்யாண வயதுக்கு வந்துவிடுவாள். கிராம அலுவலகத்தில் போன் இருக்கத்தான் செய்கிறது. அதில் நாம் இரண்டு பேர் பேசினால் பின்னால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் சேர்ந்து பேசுவார்கள்.

ஒரு செய்தி. நீங்களெல்லாம் துருக்கிக்குக் கிளம்பிப் போனதிலிருந்து பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே இல்லை. எனக்குப் பாதி வேலைதான். அதனால் நகரத்துத் தண்ணீர் அலுவலகத்தில் ஒரு வேலை ஒத்துக்கொண்டேன். இரண்டு கோடையாக மழை பொய்த்துவிட்டது, தெரியுமல்லவா? வீடு வீடாகப் போய்த் தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். எஞ்சினியர் போஷிதார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "எல்லாருக்கும் ஒரே பாட்டைப் பாடாதீங்க டீச்சர். பல்கேரியருக்கு ஒண்ணு, துருக்கியருக்கு ஒண்ணு, ரோமா ஜிப்ஸிகளுக்கு ஒண்ணு. அவங்கவங்க மனசுல எங்க தைக்குமோ அங்க பாத்துத் தைக்கணும்."

எனக்கு இது பிடித்துப் போயிற்று, அக்கா. கீழ்த்தெரு பல்கேரியர்களிடம் போனேன். பிளம்ஸ் சாராயம் காய்ச்சும் கொட்டகையில் கொப்பரைக் குழாயைக் குளிரவைக்க நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுமே, அங்கேயே போய் நின்று, "கிணறு வத்திட்டா இதை எதால குளிர வைப்பீங்க?" என்று கேட்டேன். கொட்டகை சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. மறுநாளே பீப்பாய் வைத்து அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றிவிடுகிறார்கள். மேட்டுக்கு அடிவாரத்தில் இருக்கும் ரோமா குடியிருப்புக்குப் போனபோதுதான் மூக்குடைபட்டேன். அத்தனை வீட்டுக்கும் ஒரே ஒரு பைப்பு. கலின்காவை உனக்கு நினைவிருக்கும், கம்பளம் துவைக்க வருவாளே. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "மிச்சம் பிடிக்கணுமா? மொதல்ல ஒரு பைப்பக் குடுங்க டீச்சரம்மா. அப்புறம் அதுலேருந்து மிச்சம் பிடிச்சுக் காட்டுறேன்." அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நம் துருக்கியர்தான் மசியவில்லை. செத்தவர்களுக்கு நன்மை சேரட்டும் என்று அவர்கள் பேரில் மேட்டில் கல்லால் கட்டிவிட்ட ஊற்றுகள்தான் காரணம். இரவும் பகலும் திறந்தபடி ஓடுகின்றன. போஷிதார் கண்ணில் முதலில் பட்டதே அவைதான். "அத்தனைக்கும் பைப்பு மாட்டுங்க" என்றார். ஊருக்குச் சொல்பவள் முதலில் தன் வீட்டில் செய்ய வேண்டாமா? அதனால் நம் எர்ஜான் ஊற்றில் ஒரு பைப்பு மாட்டியிருக்கிறோம். நல்ல பித்தளை. என் வீட்டுக்காரர் முமூன்தான் மாட்டினார். தாகத்துக்கு வருகிறவர் திருகினால் தண்ணீர் வரும், குடித்துவிட்டு மூடிவிடலாம். நீ தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன்.

செவிலுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் பார்க்க வேண்டுமே.

உன் தங்கை
நெஃபிசே


புர்சா,
21 அக்டோபர் 1994

நெஃபிசே,

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் சாராயக் கொட்டகைக் கதை. கடைசியில், பல் விழுந்த செய்திக்கு மேலே, என் பிள்ளையின் வாயை அடைத்த செய்தி. உனக்கே கை கூசியிருக்கிறது. அதனால்தான் அதை அங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறாய்.

அவனைப் பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குக் கூப்பிட்டார்கள். துருக்கியன் கையில் துப்பாக்கி எதற்கு என்று மண்வெட்டியைக் கொடுத்தார்கள். எங்கோ ஓர் ஊருக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினான். மண் சரிந்தது. வாயெல்லாம் மண்ணாக என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த வாயைக் கழுவினது நான். நீயும் பக்கத்தில் நின்றாய். அதற்காகத்தானே அந்த ஊற்றைக் கட்டினோம்? அந்தத் தண்ணீர் நிற்கக் கூடாது என்றுதானே உன் மச்சான் சாகும்வரை வருஷா வருஷம் குழலைக் கழுவினார்?

நம் துருக்கிப் பெயர்களையெல்லாம் அரசாங்கம் பல்கேரியப் பெயர்களாக மாற்றிய வருஷம் வந்து, கல்லில் இருந்த அவன் பெயர் மேல் சிமெண்ட் பூசினார்கள். பெயரை மூடினார்கள். தண்ணீரை மூட அவர்களுக்கே மனம் வரவில்லை. நீ மூடிவிட்டாய். நான் ஊரைவிட்டு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. என் வீட்டில்தான் குடியிருக்கிறாய். அந்தச் சிமெண்ட்டைச் சுரண்டி எடுக்க உனக்கு நேரம் இல்லை. பைப்பு மாட்ட மட்டும் நேரம் இருந்தது.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து துண்டு மில்லில் தறி முன்னால் நிற்க முடியவில்லை. கண்ணை மூடினால் பிள்ளை வறண்ட உதட்டோடு வந்து நிற்கிறான். பயமாக இருக்கிறது, நெஃபிசே. அந்தப் பைப்பைக் கழற்றிவிட்டு எனக்கு எழுது. கழற்றாமல் எழுதாதே.

குல்சூம்


கரபுனார்,
14 நவம்பர் 1994

அக்கா,

கழற்றவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். திட்டினாலும் பரவாயில்லை, முழுவதும் படி.

நான் உன் பிள்ளைக்குக் கெடுதல் செய்வேனா? அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். யோசித்துப் பார். ஆற்றங்கரையில் நின்று கை கால் கழுவினாலும் தண்ணீரை வீணாக்காதே என்பதுதானே நம் மார்க்கம்? அப்படியிருக்க, யார் குடித்தார், யார் குடிக்கவில்லை என்று இல்லாமல் வருஷக்கணக்கில் மண்ணில் ஓடிய தண்ணீருக்குக் கணக்கு யாரிடம் கேட்பார்கள்? ஊற்று யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தானே? தாகத்துக்குக் குடித்தது நன்மையில் சேரும். குடிக்காமல் ஓடினது செத்தவர் தலையில் சேரும். மறுமை நாளில் வானவர் வந்து, "இத்தனை வீணாக்கினாயே" என்று கேட்டால் எர்ஜான் என்ன சொல்வான்? என் அம்மா திறந்து விட்டாள் என்றா?

இதையேதான் மேட்டுத்தெருப் பெண்களிடமும் சொன்னேன். புகையிலை கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோத்த ஊசி அப்படியே நின்றுவிட்டது. சப்ரியேவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் புருஷன் ஊற்றுதான் எல்லாவற்றையும்விட மேலே இருக்கிறது, எல்லாவற்றையும்விட வேகமாக ஓடுகிறது. "ஐயோ, அந்த மனுஷன் உயிரோட இருக்கும்போதே முதுகு வலிக்காரர் ஆச்சே, இம்புட்டுப் பாரத்தை எப்பிடிச் சுமப்பாரு?" என்று அழுதே விட்டாள். அலுவலகத்திலிருந்து பைப்புகள் வரும்வரைகூட யாரும் காத்திருக்கவில்லை. சோளத் தண்டைத் துணியில் சுற்றி அடைத்தார்கள். மரக்கட்டை செதுக்கி அடித்தார்கள். ஒரு வாரத்தில் மேடு முழுக்க ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. போஷிதார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மனசுல எங்க தைக்கணுமோ அங்க தச்சிட்டீங்க டீச்சர்" என்றார்.

எனவே கோபத்தை விடு. உன் பிள்ளையின் பாரத்தை நான் குறைத்துத்தான் இருக்கிறேன்.

நெஃபிசே


புர்சா,
2 டிசம்பர் 1994

நெஃபிசே,

திறக்காதே.

இத்தனை வருஷம் ஓடியிருக்கிறதே, அத்தனையும் அவன் தலையிலா? நான் ஊரைவிட்டு வரும்போது பஸ் ஜன்னலில் இருந்து அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிள்ளை இருக்கிறான், பேசிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். அப்போதும் அவன் தலையில் ஏறிக்கொண்டுதான் இருந்ததா? எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?

இங்கே என் சமையலறைக் குழாயில் லேசாகச் சொட்டும். துணியை வைத்துக் கட்டிவிட்டேன். மில்லில் கை கழுவ வரும் பெண்கள் பைப்பைத் திறந்துவிட்டுப் பேசினால் ஓடிப்போய் மூடுகிறேன். எனக்குப் பைத்தியம் என்கிறார்கள்.

ரிஃபாத்திடம் ரவையும் சர்க்கரையும் அனுப்பியிருக்கிறேன். ஹல்வா கிண்டி அவன் பேரில் வீடு வீடாகக் கொடு. கலின்கா வீட்டுக்கும் கொடு, விட்டுவிடாதே. பைப்பு இறுக்கமாகத் திருகியிருக்கிறதா என்று தினமும் போய்ப் பார். உன்னைத் திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

குல்சூம்


கரபுனார்,
20 பிப்ரவரி 1995

அக்கா,

ஹல்வா கொடுத்தேன் என்று எழுதியதற்குப் பிறகு நான் எழுதவே இல்லை. காகிதத்தை எடுப்பேன், வைப்பேன். இன்று எழுதாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும்.

வறட்சி, வறட்சி என்றோமே, ஜனவரியில் இருந்து மழை கொட்டுகிறது. மேட்டில் இருந்த பனியும் சேர்ந்து கரைகிறது. முதலில் பின்கட்டுக் கதவு மூடவில்லை. மரம் ஊறியிருக்கும் என்று முமூன் இழைத்துவிட்டார். ஒரு வாரத்தில் மறுபடி மூடவில்லை. எர்ஜான் படுத்திருந்த அறையில், மூலையிலிருந்து ஜன்னல் வரைக்கும் சுவரில் ஒரு கீறல். முதலில் கோடு போலத்தான் இருந்தது. நேற்று செவில் அதில் தன் பென்சிலை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பென்சில் உள்ளே போய்விட்டது.

கலின்கா வந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. "டீச்சரம்மா, பைப்பு கேட்டேன், குடுக்கல. இப்ப பாருங்க, தண்ணி தானா வீட்டுக்குள்ள வருது." போய்ப் பார்த்தேன். அவள் வீட்டு மண் தரையில் ஊறி வருகிறது, அக்கா. அடுப்புக்குப் பக்கத்தில், கட்டிலுக்கு அடியில். அவளுடைய பேரப்பிள்ளை அதில் கையை வைத்துத் தட்டி விளையாடுகிறது.

அங்கே நின்றபோதுதான் என் மண்டையில் உறைத்தது. நம் ஊற்றுகள் எப்போதும் ஓடுவதற்கென்றே கட்டினவை. மேலே தொட்டி கிடையாது, வழிந்துபோக வழி கிடையாது. ஊற்றுக்கண்ணிலிருந்து சுட்ட மண்குழாய் வழியாக நேரே வருகிறது. வாயை அடைத்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? குழாய் மூட்டெல்லாம் விட்டு, மேட்டுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருக்கிறது. எல்லாம் களிமண். அதற்குக் கீழே நாங்கள். எங்களுக்குக் கீழே கலின்கா குடியிருப்பு முழுவதும். இவ்வளவுக்கும் ஒரு குடம் தண்ணீர்கூட யாருக்கும் மிச்சமாகவில்லை.

போஷிதாரிடம் ஓடினேன். "மழைக்காலத்துல எல்லா வீடும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். உங்க ஊரை மத்த ஊருக்கெல்லாம் உதாரணமாக் காட்டி எழுதியாச்சு டீச்சர், இப்ப போய்த் திறங்கன்னா எப்படி?" என்றார்.

சரி, நாமே திறப்போம் என்று எர்ஜான் ஊற்றுக்குப் போனேன். பைப்பில் கை வைத்தேன். உன் கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது. கை திருகவில்லை, அக்கா. பொய் என்று எனக்கே தெரிந்தும் திருகவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் மூடி, கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சப்ரியேதான். "உனக்கு வேணும்னா உன் அக்கா புள்ளை தலையில ஏத்து. ஆனா அந்தப் பாவத்தைப் பாத்துக்கிட்டு நாங்க சும்மா இருக்க மாட்டோம். என் புருஷன் ஊத்துப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிடுவேன்!" என்றாள். மேடு சரியும் என்று சொன்னால், "வீடு போனா கட்டிக்கலாம். அங்க போனவருக்கு யாரு பதில் சொல்றது? நீதானடி சொன்னே?" என்கிறாள். அப்படி எங்கும் எழுதியில்லை என்று பள்ளிவாசல் ஹோஜாவே வந்து சொன்னார். "டீச்சர் வீட்டுல விரிசல் விட்டதும் ஹோஜாவுக்கும் மார்க்கம் மாறிடுச்சோ?" என்று அவரையும் விரட்டிவிட்டார்கள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். வீணாக்காதே என்பது மட்டும்தான் உண்மை. செத்தவர் தலையில் ஏறும் என்பது நானாகச் சேர்த்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது அது நன்றாக வேலை செய்கிறது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் உன்மேலும் அதையே போட்டேன். என்னை மன்னித்துவிடு.

நான் சொன்னால் இனி ஒருத்தியும் கேட்க மாட்டாள். நீ சொன்னால் கேட்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் நீ. திறக்கலாம் என்று ஒரு வார்த்தை எழுது.

நெஃபிசே


புர்சா,
1 மார்ச் 1995

நெஃபிசே,

எது பொய்? அப்போது சொன்னதா, இப்போது சொல்வதா?

அப்போது அலுவலகத்துக்கு ஊற்றை மூட வேண்டியிருந்தது, மூடினால் நன்மை என்றாய். இப்போது உன் சுவரில் விரிசல், திறந்தால் பாவமில்லை என்கிறாய். உன் தேவைக்குத் தகுந்தபடி என் பிள்ளையின் கணக்கு ஏறவும் இறங்கவும் செய்யுமா? நானாகச் சேர்த்தேன் என்கிறாய். உன் வாயில் அந்த வார்த்தையை யார் வைத்தார்கள் என்று உனக்குத் தெரியுமா? தெரியாமலே உண்மையைச் சொல்லியிருந்தால்?

என்னால் முடியாது. என்னைக் கேட்காதே. அவனுக்கு உயிரோடு இருந்தபோது நான் எதுவும் செய்யவில்லை, பட்டாளத்துக்குப் போகாதே என்று ஒளித்துக்கூட வைக்கவில்லை. செத்த பிறகாவது அவன் தலையில் ஒன்றையும் ஏற்ற மாட்டேன்.

செவிலைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. வீடு போனால் போகட்டும்.

விரிசல் இப்போது எவ்வளவு அகலம் இருக்கிறது?

குல்சூம்


கரபுனார்,
9 மார்ச் 1995

அக்கா,

ரிஃபாத் பஸ்ஸைக் கிளப்பி வைத்துக்கொண்டு ஹாரன் அடிக்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

கேட்டாயே, விரிசலில் இப்போது என் கை போகிறது. செவிலை முமூனின் அண்ணன் வீட்டில் விட்டிருக்கிறேன். உன்னிடம் வந்துவிடச் சொல்கிறாய். நான் வந்துவிடலாம். கலின்கா எங்கே வருவாள்? பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடச் சொல்லி ஊர்த் தலைவரிடம் கேட்டேன். "அவங்கள ஒரு தடவை உள்ள விட்டா வெளிய அனுப்ப முடியாது" என்கிறார். அவர்கள் அந்தத் தண்ணீருக்கு மேலேயே பலகை போட்டுப் படுக்கிறார்கள்.

உனக்கு நினைவிருக்கிறதா, எர்ஜானைக் கொண்டுவந்த சார்ஜென்ட் என்ன சொன்னான் என்று? மண் சும்மா வந்து விழாது, முதலில் சின்னச் சின்னக் கட்டியாகக் காலடியில் உதிரும், பையனுக்கு அது தெரியவில்லை, தெரிந்திருந்தால் ஏறியிருப்பான் என்றான். நீ அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத் தெரிஞ்சுதே, நீ ஏன்டா சொல்லல?" என்று கத்தினாய்.

நேற்றிலிருந்து மேட்டிலிருந்து எங்கள் கோழிக்கூட்டுத் தகரத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டியாக விழுகிறது. டக், டக் என்று. அக்கா, நான் சொல்லிவிட்டேன்.

நெஃபிசே


புர்சா,
11 மார்ச் 1995

நெஃபிசே,

இத்துடன் ஒரு கேசட் வைத்திருக்கிறேன். ரிஃபாத் சாப்பிடக்கூட இல்லை, உடனே திரும்புகிறார். எழுதி அனுப்பினால் நீயே எழுதியது என்பாள் சப்ரியே. என் குரல் அவளுக்குத் தெரியும். இருபது வருஷம் ஒரே கொட்டகையில் புகையிலை கோத்திருக்கிறோம்.

பக்கத்து வீட்டுப் பையனின் டேப்பில் பதிந்தேன். நடுவில் என்னால் பேச முடியாமல் போயிற்று. அழிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். அத்தனை ஊற்றுக்காரிகளையும் கூட்டிவைத்துப் போடு. முதலில் எர்ஜான் ஊற்றைத் திற. அவனிடம் நான் சொன்னதாகச் சொல்.

ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பிள்ளைகளை அங்கேயிருந்து கிளப்பு. யாரையும் கேட்காதே, கெஞ்சாதே. கிளப்பு.

குல்சூம்


கரபுனார்,
19 மார்ச் 1995

அக்கா,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னபடி யாரையும் கேட்கவில்லை. முமூன் பள்ளிக்கூடப் பூட்டைக் கடப்பாரையால் நெம்பினார். கலின்கா குடியிருப்பைக் கிளப்பிக்கொண்டு போய் வகுப்பறைகளில் விட்டோம், கோழிகளையும் சேர்த்து. கேசட் போட எங்களிடம் மின்சாரம் இல்லை, மழையில் போயிருந்தது. கலின்காதான் கல்யாணத்துக்குப் பாட்டுப் போடுகிற தன் பெரிய பேட்டரி டேப்பைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறி வந்தாள். அவளைப் பார்த்ததும் சப்ரியே, "இவளுக்கு இங்க என்ன வேலை?" என்றாள். "என் வீட்டுக்குள்ள உன் புருஷன் தண்ணிதான் நிக்குது, அதைத் திருப்பிக் குடுக்க வந்தேன்" என்றாள் கலின்கா. இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். அதற்குள் உன் குரல் வந்துவிட்டது.

"சப்ரியே, நான்தான் குல்சூம் பேசுறேன். உன் பயம் எனக்கும் இருக்கு. நெஃபிசே சொன்னது பொய்யா நிஜமான்னு எனக்குத் தெரியாது. என் புள்ளை மண்ணுக்கடியில போனான். இன்னொருத்தி புள்ளை என் புள்ளை ஊத்தால மண்ணுக்கடியில போகக் கூடாது. திறங்க. வீணாப் போறது அத்தனையும் என் கணக்குல எழுதட்டும். எர்ஜான் பேர்ல வேணாம், உன் வீட்டுக்காரர் பேர்ல வேணாம். என் பேர்ல எழுதட்டும். மறுமையில நானே பதில் சொல்லிக்கிறேன்."

அதற்குப் பிறகு நீ அழுவது மட்டும்தான் கேட்டது. கூடியிருந்தவர்கள் எல்லாரும் மழையில் நின்று, நீ அழுது முடிக்கும்வரை கேட்டார்கள்.

நான் எர்ஜான் ஊற்றைத் திறந்தேன். அவனிடம் நீ சொன்னதாகச் சொன்னேன். சப்ரியே தன் புருஷன் ஊற்றுக்கு முன்னால் போய் நின்றாள். அடித்த கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எம் பேர்லயும் பாதி எழுதுங்க, அவ ஒருத்தியே எப்பிடிச் சுமப்பா?" என்று சத்தம் போட்டு அழுதாள். கட்டை ஊறி இறுகிப் போயிருந்தது. கலின்காதான் பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். தண்ணீர் செக்கச்செவேல் என்று வந்தது. ஒன்றையடுத்து ஒன்றாக எல்லாவற்றையும் திறந்தார்கள், ஒவ்வொருத்தியும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே. அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் மதியம் மேடு சரிந்து வந்தது. முழுவதும் இல்லை. மேல் ஊற்றுகள் திறந்திருந்ததால் இத்தோடு போயிற்று என்கிறார் முமூன், எனக்குத் தெரியாது. எர்ஜான் ஊற்று இருந்த இடத்திலிருந்து கீழே, ஒரு நாக்கு மாதிரி. நம் வீட்டின் பின்பாதி போய்விட்டது, எர்ஜான் அறையும் போய்விட்டது. கலின்கா வீடும் அதற்கு இரண்டு பக்கத்து வீடுகளும் இருந்த இடத்தில் மண் மட்டும்தான் இருக்கிறது. பலகைக் கட்டில், அடுப்பு, எதுவும் இல்லை. அவள் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு, பேரப்பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். பிள்ளை வலிக்கிறது என்று அழுதது, அப்படியும் விடவில்லை.

ஊற்றுக்கல் அவள் வீட்டு வாசல் இருந்த இடத்தில் வந்து கிடக்கிறது. மேடு பிளந்த இடத்திலிருந்து தண்ணீர் தானாக ஓடி வருகிறது. பைப்பு இல்லை, குழல் இல்லை. இப்போது தெளிந்துவிட்டது. குடியிருப்பு முழுக்க அங்கேதான் குடம் வைக்கிறார்கள். முமூன் உளியை எடுத்துக்கொண்டு போய்க் கல்லில் உள்ள சிமெண்ட்டைப் பெயர்க்கிறார். பாதி பெயர் வந்துவிட்டது.

போஷிதார் ஆள் அனுப்பியிருந்தார். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் நான் பேச வேண்டுமாம், என் பேச்சு நன்றாக வேலை செய்கிறதாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு வாசலில் உட்கார்ந்து நான் சொன்ன ஒரு வார்த்தை என்ன செய்தது என்று பார்த்துவிட்டேன். இனி ஒருவர் வீட்டுப் படியேறிப் பேச வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

அக்கா, மறுபடி சொல்கிறேன். அது பொய். நான் கட்டிய கதை. எதுவும் உன் பேரில் எழுதப்படவில்லை. செவில் மேல் ஆணை. நம்பு.

நெஃபிசே


புர்சா,
2 ஏப்ரல் 1995

நெஃபிசே,

பிள்ளை மேல் ஆணையெல்லாம் இடாதே. வாயைக் கழுவு.

வீடு போனதற்கு அழவில்லை. அவன் அறை போனதற்கு அழுதேன். பிறகு கலின்காவின் பேரனை நினைத்துக்கொண்டேன். துண்டு ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறேன், மில்லில் கரை பிசகியவை. கலின்காவுக்கும் மற்ற இரண்டு வீட்டுக்கும் கொடு. சப்ரியேவிடம் சொல், அவள் பாதியை அவளே திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். அவளுக்கும் முதுகு சரியில்லை.

பொய், பொய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். உன் மனம் லேசாக வேண்டும் என்று எழுதுகிறாய், எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். நீ சொன்னது பொய் என்று நினைத்து நான் அந்தக் கேசட்டில் பேசவில்லை. நிஜம் என்று நம்பித்தான் பேசினேன். இன்றைக்கும் அப்படித்தான். இங்கே யாராவது பைப்பைத் திறந்தால் காது அங்கேயே போகிறது. அந்த மேட்டிலிருந்து இந்த நேரம் எவ்வளவு ஓடிக்கொண்டிருக்கும், யார் குடித்தார்கள், எவ்வளவு மண்ணில் போயிற்று, எல்லாம் என் பேரில் ஏறிக்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நிற்கிறேன்.

கலின்காவிடம் சொல், நிறையக் குடங்களாக வைக்கட்டும். ஓடுவதில் முடிந்தவரை குடிக்கட்டும், துவைக்கட்டும், பிள்ளையைக் குளிப்பாட்டட்டும்.

பயமாகத்தான் இருக்கிறது, நெஃபிசே. இருந்தாலும் மூடாதே.

அக்கா
குல்சூம்